ஷா வரும் நாளில்

பிரியமுள்ள மஹ்லகாவுக்கு, இஸ்தான்புல்லிலிருந்து நஸ்ருல்லா எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? கல்யாண வேலை எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே.

நேற்று மருமகனுக்குக் கோட்டு வாங்கினேன். தையல்கடை நூரெத்தின், "யாருக்கு அண்ணே?" என்றார். மாப்பிள்ளையை நம் ஊரில் சொல்வதுபோல, "எங்க ஷாவுக்கு" என்றேன்.

"நாங்க பாதிஷான்னா சிம்மாசனத்துல இருக்கறவரைத்தான் சொல்வோம். உங்க ஊர்ல கோட்டு போட்டவனெல்லாம் ஷாவா?"

கடையில் இருந்த பாக்தாத்துக்கார ஹாஸிமும் சேர்ந்துகொண்டார். "குஸ்ரோன்னு ஒரு பாரசீக ராஜா பேரை நாங்க அரபியில கிஸ்ரான்னு ஆக்கி, இவங்க ராஜாக்கள் எல்லாரையும் அப்படியே கூப்பிட்டோம். இவங்க மாப்பிள்ளைக்கே பட்டத்தைத் தூக்கிக் கொடுத்துட்டாங்க!"

"ஒருநாள் ராஜாதான்யா!" என்றேன்.

நூரெத்தின் சிரித்தபடியே கேட்டார்: "ராஜா வர்ற அன்னைக்குப் பொண்ணைப் பெத்தவர் வாசல்ல நிக்க வேணாமா?"

நானும் சிரித்துவைத்தேன்.

சரக்கு எல்லையில் மாட்டிக்கொண்டது, கல்யாணத்துக்கு வர முடியாது என்று போனில் சொன்னேனே, அது பொய். பிஸ்தா விலை இன்னும் ஏறட்டும் என்று நான்தான் காத்திருக்கிறேன். இன்றே விற்றாலும் நஷ்டமில்லை, லாபம்தான் குறையும்.

ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பச்சைத் துணியில் முடிந்து நம் பொண்ணு கோல்னூஷின் இடுப்பில் கட்டுவது அப்பன் வேலை. உன் தம்பியைக் கட்டச் சொல். அவள் கேட்டால் உள்ளதையே சொல். எனக்குக் கொஞ்சம் கல்யாண மிட்டாய் எடுத்து வை.

கோட்டையும் இந்தக் கடிதத்தையும் நம் கெர்மானுக்குப் போகும் லாரியில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிடும். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அவர் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

நஸ்ருல்லா