கயிறு அறுந்தால் கல் எங்கே போகும்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகர மாட்டேன் என்கிறது, நீயாவது அங்கே உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இரு. தொழிற்பயிற்சிக்கான தேர்வில் உன் தம்பி ஒரே ஒரு கேள்வியில் தோற்றுப்போய்விட்டான். இனிமேல் எழுத வயதும் இல்லை. அது எந்தக் கேள்வி என்று தெரிந்தால் உனக்கு வயிறு எரியும். கல்லைக் கயிற்றில் கட்டி ஒரே வேகத்தில் சுற்றும்போது கயிறு அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும் என்பதுதான்.

நீ போனில் எத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய், வேகம் மாறாவிட்டாலும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது, அதை மாற்றுவது நடுவை நோக்கிய இழுப்பு, இழுப்பு நின்றால் கல் அப்போது போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேராகப் போய்விடும் என்று. எனக்கே புரிந்தது. உன் அப்பாதான் விடவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி பிழியும் மெஷினைத் தினமும் ஓட்டுகிறவராம், மூடியைத் திறந்தால் போர்வையெல்லாம் சுவரோடு அப்பிக்கொண்டிருக்கிறதாம், வெளியே தள்ளாமல் எப்படி அப்பும் என்று ஒரே கத்தல். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். துணி நேராக ஓடத்தான் பார்க்கிறது, சுவர்தான் அதை உள்ளே மடக்குகிறது, ஓட்டை கிடைத்த தண்ணீர் தப்பித்துப் போகிறது என்று நீ சொன்னதற்கு, உங்க அக்கா மெஷினைக் கண்ணால பாத்திருக்காளா என்று தம்பியிடம் கேட்டார். அவனும் கல் நடுவிலிருந்து நேர் வெளியே பறக்கும் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான்.

சரியான விடைகள் வெளியான அன்று சாயங்காலம் உன் அப்பா ஈரச் சாக்ஸை முடிச்சுப் போட்டு, கயிற்றில் கட்டி, மொட்டைமாடியில் தலைக்கு மேல் சுற்றினார். சாக்ஸ் தண்ணீர்த் தொட்டிக்கு நேரே வரும்போது விட்டார். தொட்டியில் படவே இல்லை, பக்கவாட்டில் நேராகப் போய் நான் காயப்போட்ட விரிப்பில் விழுந்தது. மறுபடி மறுபடி விட்டுப் பார்த்தார். துவைத்ததை ஏன் நாசம் பண்ணுகிறீர்கள் என்று நான் வேறு வைதுவிட்டேன். அப்ப இத்தனை வருஷமா நான் என்னத்தப் பாத்தேன் என்றார். அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

அக்கா சொன்னது மறந்துபோச்சா என்று தம்பியைத் தனியாகக் கேட்டேன். மறக்கவில்லையாம், நீ சொன்னதுதான் சரி என்றும் தெரியுமாம். அப்பா தினமும் பாக்கறவராச்சே, அவர் சொன்னதைத் தப்புன்னு எப்படிம்மா எழுதறது என்கிறான். திங்கட்கிழமையிலிருந்து அவனும் அதே மெஷினுக்குத்தான் வேலைக்குப் போகிறான், வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, அந்தக் கணக்கை இன்னொரு தரம் சொல்லும்மா என்று அப்பா கேட்பார். மறந்துபோச்சுப்பா என்று சொல்லிவிடு, உனக்கே மறக்கிறது என்றால் தம்பிக்கும் மறந்துதான் இருக்கும் என்று அவர் மனசு ஆறட்டும். தம்பிக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் சாகிறவரைக்கும் வாய் திறக்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா