உள்தாழ்ப்பாள்

காரைக்கால்,
9 செப்டம்பர் 2025

அன்பு மருமகள் ஆக்சிலியாவுக்கு,

மாதா சாட்சியாகவும், என் வாயருகிலேயே கிடந்து அத்தனையையும் கேட்டுத் தொலைத்த மைக் சாட்சியாகவும் முதலில் ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். நீ மட்டுமல்ல, நாகூரிலிருந்து தரங்கம்பாடி வரை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எழுதுகிற எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

போன் செய்யாதீர்கள், வாட்ஸ்அப் வேண்டாம், வீட்டு முகவரிக்கும் எழுதாதீர்கள், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி கேண்டீன் காசியம்மா பெயருக்குக் கடிதம் போடுங்கள் என்றாய். உத்தரவு! மாப்பிள்ளை பிரவினுக்குத் தெரியாமல் வீடு வாங்கி அவரைத் திகைக்க வைக்கப்போகிறாய் என்று நானாகவே கண்டுபிடித்துவிட்டேன். என் மூளை அப்படிப்பட்டது.

நீ சொன்ன கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தாரின் மூன்று குடியிருப்புகளிலும் ஒவ்வொரு வீடு காலியாக இருக்கிறது. மூன்றும் ஊருக்கு வெளியே. என் மொபெட்டில் ஏறினேன். அது ஓடவில்லை, பறந்தது. வழியில் ஒரு கொக்கு வழிகேட்டது.

முதலாவது, காரைக்கால்மேடு. பால்கனியில் நின்றால் இலங்கையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கே சொல்லிவிடும். மீன் ஏலத்துக்கு நீ இறங்கிப்போக வேண்டாம். நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வஞ்சிரம் துள்ளி இரண்டாவது மாடிக்கு வந்து, “புளி கரைச்சாச்சா?” என்று கேட்டது.

இரண்டாவது, போலகம். மாடிப்படி எவ்வளவு நீளம் என்றால், கல்யாணமாகாமல் ஏறினவன் பேரப்பிள்ளையோடு இறங்குகிறான். அந்தக் குடியிருப்புக்கு மட்டும் செயலாளரான குஞ்சிதபாதம் கீழ்வீட்டிலேயே குடியிருக்கிறார். அவர் கேட்ட கேள்விகளில் இரண்டுக்குப் பதில் சொல்ல என் முப்பாட்டன் கல்லறையிலிருந்து எழுந்து வரவேண்டியதாயிற்று. உன் அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவராம்.

மூன்றாவது, சுரக்குடி. மூன்றாவது மாடி. சுற்றிலும் வயல். அங்கே தவளைகள் போடுகிற சத்தத்தில் என் ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கும் வெட்கப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டன. சனிக்கிழமை திருநள்ளாற்றுக்குப் போகிற கூட்டத்தில், பால் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கப் போனவர் மறுகரைக்கு மோரோடு போய்ச் சேர்ந்தார்.

என் ஓட்டு காரைக்கால்மேட்டுக்குத்தான். என் கடையிலிருந்து ஒரு விசில் அடித்தால் உனக்குக் கேட்கும். தினமும் காலையில் தேத்தண்ணிக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தி,
யாகப்பன் சவுண்ட் சர்வீஸின் ஏகபோக அதிபதி,
உன் தாய்மாமன்
யாகப்பன்

*

திருச்சி,
17 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மொபெட் பறந்தது சரி, பிரேக் போட்டீர்களா?

உங்கள் கடிதத்தைக் கேண்டீன் பின்புறம் உட்கார்ந்து படித்தேன். காசியம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். “இப்புடி ஒரு மாமன் எனக்கு இருந்திருந்தா நான் ஏன் கண்ணு இங்க பாத்திரம் வெளக்குறேன்” என்றார்கள். சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது.

ஆனால் மாமா, நான் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மாதக் கடைசிக்குள் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். போலகம் வேண்டாம். குஞ்சிதபாதத்துக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மற்ற இரண்டையும் இன்னொரு முறை போய்ப் பார்க்க முடியுமா? ஒன்றே ஒன்று பார்த்தால் போதும். வாசல் கதவுக்கும் அறைக் கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? எப்படிப்பட்டது? சிரிக்காதீர்கள். இதை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆக்சிலியா

*

காரைக்கால்,
26 செப்டம்பர் 2025

அன்பு மருமகளே,

தாழ்ப்பாளா! ஊரில் இருக்கிறவர்கள் வீடு வாங்கும்போது தண்ணீர் வருமா, வெயில் வருமா என்று கேட்பார்கள். என் மருமகள் தாழ்ப்பாள் கேட்கிறாள். உன் பீரோவில் கோகினூர் வைரமா இருக்கிறது? திருடன் வந்தாலும் என் கடிதங்களைத்தான் தூக்கிக்கொண்டு போவான். படித்துவிட்டுத் திருந்திவிடுவான்.

போனேன். காரைக்கால்மேட்டில் தாழ்ப்பாளை இழுத்தேன். தாழ்ப்பாள் கையோடு வந்தது. பின்னாலேயே கதவு வந்தது. கதவோடு சுவர் வந்தது. அப்புறம் கடல் வந்து, “யாரு?” என்று கேட்டது. உப்புக் காற்று, வேறென்ன. இரும்பு என்று ஒன்று அங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. சுரக்குடியில் தாழ்ப்பாளே கிடையாது, சுண்டுவிரல் கனத்தில் ஒரு கொக்கி. காற்றுகூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறது, பாவப்பட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்தில் ஒரு ஞானஸ்நான விருந்து. என் சவுண்ட் சர்வீஸ்தான். உன் அம்மாவும் வந்திருந்தாள். உன் ரகசியத்தை வாயில் வைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிடுவது லேசா? ஒரு துளி சிந்திவிட்டது. “செல்வம்மாக்கா, ஒம்மவ காரைக்கால்ல கோட்டை புடிக்கப் போறா, கப்பல்ல பீரங்கி வருது” என்றேன். “போடா, ஒன் வாயில உண்மை வந்தா அன்னக்கித்தான் ஒலகம் அழியும்” என்றாள். ஆகவே கவலை வேண்டாம்.

மாப்பிள்ளை கூடவே இருக்கப்போகிற வீட்டுக்கு எதற்கம்மா தாழ்ப்பாள்?

இப்படிக்கு,
கோட்டைத் தளபதி
யாகப்பன்

*

திருச்சி,
4 அக்டோபர் 2025

மாமா,

ஏன் சொன்னீர்கள்?

அவர் என்னோடு வரப்போவதில்லை. அது அவருக்கு வாங்குகிற வீடு இல்லை. உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் சிரித்துவிடுவீர்களோ என்றுதான் சொல்லவில்லை.

இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள் அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து எல்லாக் கதவுகளின் உள்தாழ்ப்பாளையும் கழற்றினார். குளியலறை உட்பட. “புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல எதுக்கு இதெல்லாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் குரலை உயர்த்துவதே இல்லை மாமா. அதனால்தான் யாரும் நம்புவதில்லை. நான் எந்த அறைக்குள் போனாலும் பின்னாலேயே வருவார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குளித்துப் பழகிவிட்டேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

இரண்டு தடவை அம்மாவிடம் போனேன். இரண்டு தடவையும் நல்ல சாப்பாடு போட்டு, தலை வாரிவிட்டு, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை போக எனக்கு ஒரு வீடு வேண்டும். யாரும் சாப்பாடு போட வேண்டாம்.

காரைக்கால்மேட்டில் கடல் தெரியும், உங்கள் விசிலும் கேட்கும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாழ்ப்பாள் துருவேறிச் சிக்கிக்கொண்டால் என்ன செய்வேன்? சுரக்குடியே போதும் என்று மாதக் கடைசியிலேயே சங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அந்தக் கொக்கியை மட்டும் மாற்றித் தர முடியுமா?

ஆக்சிலியா

*

காரைக்கால்,
13 அக்டோபர் 2025

அன்பு ஆக்சிலியாவுக்கு,

முந்தாநாள் உன் கடிதம் வந்ததும் கடையைச் சாத்திவிட்டேன். கொடியேற்றத்துக்கு மைக் கேட்டு வந்தவர்களைக்கூட நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன். பட்டம் பதவியெல்லாம் போட்டு எழுத இன்று கை வரவில்லை.

நான் செய்த காரியத்துக்குக் கைமேல் பலன் கிடைத்துவிட்டது. அக்கா நம்பாமலே மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நேற்று பிரவின் வந்தார், இரண்டு சிநேகிதர்களோடு. திருச்சியிலிருந்து மூன்று ஆம்பிளைகள் காரைக்காலுக்கு எதற்கு வருவார்கள், அந்த மலிவுச் சரக்கை முடித்துக்கொண்டுதான் கடைக்கு வந்தார்கள். நடந்ததை ஒரு எழுத்து கூட்டாமல் எழுதுகிறேன்.

“என்னா மாமா, எம்பொண்டாட்டி இங்க வூடு வாங்குறாளாமே?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் ஆயுசில் நான் இல்லை என்று சொன்ன எதையும் யாராவது நம்பியிருக்கிறார்களா? அதனால் ஆமாம் என்றேன்.

“வாங்க மாப்ள, ஒக்காருங்க! வூடா? அரண்மனைங்க. எத்தினி வூடுன்னு கேளுங்க.”

“எத்தினி?”

“ஏழு. அதுல ஒண்ணு மூணாவது மாடி. லிப்டு இருக்கு, யானை ஏறுற லிப்டு. மேல ஏறுனதும் யானைக்கு மூச்சு வாங்குதுன்னு மோர் குடுக்க தனி ஆளு.”

சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “எந்தப் பக்கம் மாமா?” என்றார் மாப்பிள்ளை.

“பாதி சமுத்திரத்துல, பாதி வயக்காட்டுல. நடுவுல ரயிலு போவுது. வாசக் கதவுக்கு மட்டும் கப்ப நங்கூரத்த உருக்கி உள்தாழ்ப்பா போட்டிருக்கு. அத போட்டுட்டா கலெக்டரே வந்து தட்டுனாலும் தொறக்காதுங்க.”

அந்த வார்த்தையில் அவர் சிரிப்பு நின்றது ஆக்சிலியா. வாய் சிரித்த மாதிரியே இருந்தது, கண் நின்றுவிட்டது. என் கையில் ஆம்ப்ளிபயர் வயர் இருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குள் ஒரு சிநேகிதர், “டேய், ஒன் மாமா செம்ம ஆளுடா” என்று அவர் முதுகில் ஒன்று போட்டார். அவரும் சிரித்துவிட்டார். “நீங்க திருந்தவே மாட்டீங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாழ்ப்பாள் என்று ஏன் சொன்னேன்? உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் முந்திவிட்டது.

யாகப்பன்

*

திருச்சி,
22 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அவர் அன்று வீட்டுக்குச் சிரித்துக்கொண்டேதான் வந்தார். யானைக்கு மோர் கொடுக்கிற கதையை மாடி வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சொன்னார். என்னை மகாராணி என்று கூப்பிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துபோகும்.

சாப்பிட்டுக் கைகழுவப் போனவர் குளியலறைக் கதவருகே நின்றார். பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கும். அதை விரலால் தடவிப் பார்த்தார். மறுநாளிலிருந்து என்னை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்து விடுகிறார். காசியம்மாதான் இந்தக் கடிதத்தைப் போடப்போகிறார்கள்.

உங்கள் மேல் கோபப்பட்டேன். இப்போது இல்லை. அவர் நம்பாமல் போனதற்கும் நீங்கள்தான் காரணம்.

இனி காத்திருக்க முடியாது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் காரைக்காலுக்குப் போகிறேன் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் அவர் மறுப்பதில்லை. ஒரு பையோடு காலை எர்ணாகுளம் வண்டியில் வந்து இறங்குவேன். திரும்பிப் போகமாட்டேன். அங்கே ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதங்களை மட்டும் படித்து வீடு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எது உண்மை, எது உங்கள் கைச்சரக்கு என்று தெரியாமலே வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். உங்களைப் பார்த்தால் பயம் போய்விடும்.

ஆக்சிலியா

*

சுரக்குடி, மூன்றாவது மாடி,
1 நவம்பர் 2025

அன்பு மகளே ஆக்சிலியா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. எதிர்வீட்டு அல்லி டீச்சரிடம் சாவியோடு கொடுத்துவிட்டுப் போகிறேன். ஸ்டேஷனில் ஆட்டோவோடு நிற்பதும் அவர்கள்தான். நல்ல மனுஷி. அதிகம் கேள்வி கேட்கவில்லை.

நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ திரும்பாவிட்டால் பிரவின் முதலில் என் கடைக்குத்தான் வருவார். என் மொபெட் போகிற வழியைப் பார்ப்பார். அதனால் கொஞ்ச காலத்துக்கு நான் சுரக்குடிப் பக்கமே தலைகாட்டப்போவதில்லை. தினமும் காலையில் தேத்தண்ணிக்கு வருவேன் என்று எழுதினேனே, அதையும் பொய்க்கணக்கில் சேர்த்துக்கொள். உன் அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தியை நான் ஏற்றிவிடுகிறேன்.

பிரவின் வந்து கேட்டால், நீ ஆமை முதுகில் ஏறி பிரான்சுக்குப் போய்விட்டாய் என்று சொல்வதாக இருக்கிறேன். ஆமைக்கு விசா கிடைக்கத் தாமதமாயிற்று என்றும் சொல்வேன். நம்பமாட்டார். குரலை உயர்த்தாதவர் அன்றைக்குக் கத்துவார். கத்தட்டும், என்னிடம் எட்டு மைக் இருக்கிறது. மறுபடி கேட்டால் மறுபடி வேறொன்று சொல்வேன். அக்கா அழுதுகொண்டு வந்தாலும் அதேதான். இந்த வாயால் உனக்கு ஒரு கெடுதல் வந்தது. இனி இதுவே வாசலில் காவல் நிற்கட்டும்.

இப்போது வீட்டைப் பற்றி. ஏமாந்துவிடாதே. அரண்மனை இல்லை. யானை ஏறுகிற லிப்ட் இல்லை, ஆள் ஏறுகிற லிப்டும் இல்லை. படியில் நடு நடுவே உட்கார்ந்துதான் நானே ஏறினேன். அடுப்படியில் இருவர் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டும். குழாய்த் தண்ணீர் லேசாகக் கரிக்கும். மேற்குச் சுவரில் ஓதம் இருக்கிறது. தவளைகள்கூட நான் எழுதிய அளவுக்குக் கத்துவதில்லை, சுமாராகத்தான் கத்துகின்றன. கொக்கு வழிகேட்டதும், வஞ்சிரம் பேசியதும், பால் மோரானதும் அத்தனையும் பொய்.

நங்கூரத்தை உருக்கியதல்ல, பெரிய கடைத்தெருவில் வாங்கியது. பித்தளை, துரு ஏறாது. வாசலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. ஆசாரியைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஸ்க்ரூவை நான்தான் முடுக்கினேன். அல்லி டீச்சரை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு, வெளியே நின்று தோளால் மோதிப் பார்த்தேன். ஓடிவந்தும் மோதிப் பார்த்தேன். தோள்தான் வீங்கியிருக்கிறது. கதவு அசையவில்லை.

பையைக் கீழே வை. கதவைச் சாத்து. தாழ்ப்பாளைப் போட்டுப் பார்.

நான் எழுதினதில் அது ஒன்று மட்டும் உண்மை.

மாமா