மழையில் உருக்கிய கண்ணாடி

இன்று கைவெடிப்புக்காக வாஸ்லின் டப்பாவைத் திறந்தேன். அந்த வழவழப்பு விரலில் பட்டதும் திருப்பதியில் நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்த அறை நினைவில் வந்து நின்றது. கண்ணாடித் துண்டின்மேல் மெல்லியதாக அதைப் பூசி, ஒலியை எழுப்பும் குவார்ட்ஸ் வில்லையை ஒட்டி, ஒலி எவ்வளவு வேகமாக ஊடுருவுகிறது என்று அளப்போம். கண்ணாடியின் விறைப்பை அந்த வேகம் காட்டிக்கொடுத்துவிடும்.

போரான் கண்ணாடியில் சோடா சேர்க்கச் சேர்க்க உள்ளே பிணைப்புகள் கூடும், விறைப்பு ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் பிணைப்புகள் அறுந்து இறங்கத் தொடங்கும். என் கண்ணாடிகளில் அந்த இறக்கம் குறைந்த சோடாவிலேயே வந்தது. நான் சேர்த்த ஈயத்தால்தான் என்று எழுதியும் விட்டேன். ஆய்வேட்டை ஒப்படைப்பதுதான் பாக்கி. சித்தூரில் ஒரு கல்லூரி வேலையும் காத்திருந்தது.

என் நோட்டைப் புரட்டிய நீ சொன்னாய்: "வெயில் நாள்ல உருக்குனது ஒரு மாதிரி கீது, மழ நாள்ல உருக்குனது வேற மாதிரி கீது. போரான் பவுடர் ஈரத்த இழுத்துக்கினு இருந்திருக்கு. எடையில தண்ணியும் சேந்து போரான் கொறஞ்சிருக்கு, நீ நெனச்சத விட சோடா ஜாஸ்தியா பூட்டுது."

"நான் முந்திக்கினு போறேன்னு ஒனக்குப் பொறாமை," என்றேன்.

மறுநாள் காலை நான் போனபோது பவுடரை உலர்த்தி எடைபோட்டு வைத்திருந்தாய். "வா, இடுக்கியப் புடி," என்றாய். எல்லாவற்றையும் மறுபடி உருக்கினோம். இறக்கம் வழக்கமான இடத்துக்கே போய்விட்டது. என் கண்டுபிடிப்பும் போயிற்று, வேலையும் வேறொருவருக்குப் போயிற்று.

ஞாயிறுதோறும் சபையில் பாவ அறிக்கை சொல்லும்போது அந்தப் பொறாமைச் சொல் நினைவுக்கு வரும். கர்த்தரிடம் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன். மஞ்சள் காமாலையோடு உன் ஊரான நகரிக்குப் போன நீ திரும்பவே இல்லை.

துக்கம் கேட்க உன் வீட்டுக்குப் போனேன். தறிகளை நிறுத்திவிட்டு, நீ நைனா என்று கூப்பிடும் உன் அப்பா வந்தார்.

"நீதானாம்மா அது? தப்புன்னு தெரிஞ்சதும் எல்லாத்தயும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி செஞ்ச பொண்ணு? அந்தத் தைரியம் எனக்கு வராது நைனான்னு எம் பொண்ணு சொல்லிக்கினே இருக்கும்."

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

நீ வீட்டில் சொல்லிவைத்த அந்தப் பெண் நான் இல்லை. இத்தனை ஆண்டுகளாக அவளாக இருந்துவிடத்தான் பார்க்கிறேன்.