மகன் வாசிக்காத மெட்டு

புடாபெஸ்ட்
நவம்பர் 25

அன்பு மகன் எலெமேருக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் உன் தங்கை ரோஸாவின் பிள்ளைகள் சேதி. கால்மான் நர்ஸ் படிப்பு பாஸ் செய்து வெள்ளைச் சட்டை போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறான், நம் தெருவில் அவன்தான் முதல் ஆள். சின்னவள் ஷாரி நீச்சலில் மெடல் வாங்கி, அதைக் கழற்றாமல் தூங்குகிறாள். நடுவுள்ளவள் வில்மா, அஞ்சாங்கிளாஸ் தாண்டாத எனக்குப் பேத்தியாகப் பிறந்து, சங்கீதக் கல்லூரியில் மூன்று வருஷமும் முதலாவதாக வந்தாள். இந்த வருஷம்தான் கண் பட்டுவிட்டது.

போன மாதப் பரீட்சைக்கு அவளுக்குக் கொடுத்தது அந்தக் காலத்து மேதை ஒருவர் வயலினுக்கு எழுதியது. அதன் நடுவில் மெதுவாக வருகிற பகுதி நம் வீட்டு மெட்டு. உன் பாட்டனாரின் பாட்டனார் சாப்பாட்டுக் கடையில் வாசித்ததைக் கேட்டுத்தான் அவர் எழுதிக்கொண்டு போனார் என்று உன் அப்பா சாகும்வரை சொன்னார், புத்தகத்தில் மேதை பேர் மட்டும்தான் இருக்கிறது. அப்பா தனக்கென்று வைத்திருந்த மெட்டும் அதுதான். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், ஒருவர் செத்தால் மகன் கல்லறையில் வாசிக்கிற வரைக்கும் அவர் மெட்டை வேறு யாரும் தொடக்கூடாது. உன் அகதிக் கேஸ் முடியாமல் கனடாவை விட்டு நீ வர முடியாது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வில்மா பரீட்சையில் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு வேகமான பகுதிக்குத் தாவிவிட்டாள். ஏம்மா, நடுவுல நாலு பக்கத்த எலி தின்னுடுச்சா என்று வாத்தியார் கேட்டாராம், எல்லோரும் சிரித்தார்களாம். ஃபெயில் போட்டுவிட்டார்கள். ஜனவரியில் இன்னொரு தடவை உண்டு, அதிலும் போனால் சீட்டு போய்விடும். வாசிச்சுத் தொலையேன்டி, தாத்தா கோவிச்சுக்க மாட்டாரு என்று நானே கெஞ்சினேன். மாமா வாசிக்கட்டும் பாட்டி, அப்புறந்தான் நான் என்கிறாள். அப்பாவின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது.

போன்லயே வாசிக்கச் சொல்லுங்க அண்ணி, நான் கல்லறை மேல புடிக்கிறேன், அண்ணனுக்கு அது போதும் என்று உன் சித்தப்பா யெனோ சொன்னார். கல்லறைத் திருநாளில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் வயலின் பெட்டியோடு குளிரில் வந்து நின்றோம். நீ போனில் வயலின் கம்பி அறுந்துபோச்சு என்றாய். அடுத்த ஞாயிறு வேலை அலுப்பு என்றாய். என்னப்பா, தொரைக்கு இன்னும் கம்பி கெடைக்கலையா, கனடாவுல கம்பி திரிக்கிற ஆட்டுக்குடலுக்குமா பஞ்சம் என்று யெனோவைக் கேலி பேசுகிறார்கள். நானும் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். போன வாரம் உன் கூட்டாளி பேலா அங்கிருந்து வந்தான். முட்டைக்கோஸ் போட்டுக் கறி வைத்துக் கொடுத்து, எலெமேர் வாசிக்கிறானாடா என்று கேட்டேன். அவன் வேலை பாக்குற எறச்சி ஃபேக்டரில கறி வெட்டுற மிஷின் பொல்லாததும்மா என்றான், அப்புறம் தட்டைவிட்டுத் தலையே நிமிரவில்லை. நானும் மேலே கேட்கவில்லை.

பேலா சொன்னதை வில்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதாவிடம் என்ன கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது என்றும் தெரியவில்லை. நீங்கள் இருவரும் நல்லா இருங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. இரண்டு கையும் தெரிகிற மாதிரி எடு. எப்படி இருந்தாலும் அனுப்பு.

உன் அம்மா,
மார்கித்