நீட்டிய கைக்குத் தெரிகிற கண்ணாடி

ரோஷன் பீவி பார்வைக்கு.

வீட்டில் பேச்சு நின்றுபோனதால், இது அடுத்த வீட்டுக்காரன் சொல்வதுபோல எழுதப்படுகிறது.

சுலைமான் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போகிறான். இங்கே கடற்கரையில் அவன் போட்டிருக்கும் பலூன் சுடும் கடைக்கு, ஏர் பிஸ்டலில் மாட்டிக் குறி பார்க்கும் குழாய்க் கண்ணாடி இரண்டு கொண்டுவந்தான் அல்லவா? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மெட்ராஸ் கடையில் திருப்பித் தர வேண்டும். பெரியது ரைஃபிளுக்கு உள்ளது. கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் காட்டும். பிஸ்டலில் மாட்டிக் கையை நீட்டினால் வெறும் இருட்டு. சின்னதுதான் நீட்டிய கையிலும் தெளிவாகக் காட்டுகிறது. அதனால் சின்னது தங்கும், பெரியது போகும்.

நெத்திலிக் குழம்பு சட்டியில் இருக்கிறது. பூனை வரும் என்று மூடிமேல் குழவியை வைத்திருக்கிறான். சாவி பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம்.

"கண்ணாடி கண்ணாடின்னு அலையிறியே, வூட்டுல ஒருத்தி கீறாளே, அவ மூஞ்சி உனுக்குத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரோஷன் பீவி பேச்சை நிறுத்தினாள். அதற்கும் பதில் உண்டு. நேற்று சின்னதைப் பிஸ்டலில் மாட்டாமல் கையில் பிடித்து, அவள் வேலை செய்யும் சங்குக் கடைப் பக்கம் பார்த்தான். கூட இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தெற்றுப்பல்கூடத் தெரிந்தது. அந்தப் பல்லை வீட்டில் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. சுலைமான் ரொம்ப நேரம் கையை இறக்கவில்லை.

தாளில் இந்த ஓரத்தில்தான் இடம் இருக்கிறது. இன்னாத்துக்கு மே அப்படி சிரிச்சே? நான் வந்ததும் எனுக்கும் சொல்லு.