பூட்டிக் கிடந்த வீடுகளின் இசைவு

நலம் நிலைபெறுக. ஐந்து நாடுகளுக்கும் ஒரு குடை நிழல் தருபவரும், மலைவாயில் ஏழினையும் காப்பவரும், முன்னோர் நாட்டிய சாசனக் கல்லின் முன் வாள் தாழ்த்தி முடி சூடியவருமாகிய முகில்மலைக் கோமான் பரிவேல் ஆதனார் திருமுன்புக்கு, ஓலை நாயகம் வெள்ளூர் எயினன் கரம்பை நாட்டு மன்றத்திலிருந்து வணங்கி எழுதும் ஓலை. கோயிலும் குளமும் குறைவின்றி இருக்க, திருமேனி நலத்துடன் விளங்குக.

ஒரு வீட்டிலிருந்து ஒரு மகனுக்கு மேல் படைக்குக் கொள்ளலாகாது என்பது சாசனக் கல்லின் நான்காம் வரி. வடவெல்லைப் போரில் ஆள் குறைந்தமையால், இரண்டாம் மகனையும் கொள்ளலாம் என அவ்வரியை மாற்றத் தாங்கள் திருவுளம் கொண்டு, குடிகளின் இசைவைப் பெற்றுவர அடியேனை ஆவணித் திங்களில் அனுப்பினீர்கள். கல்லில் ஒரு வரியை மாற்ற வேண்டுமாயின், ஒவ்வொரு நாட்டிலும் உள்ள குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை இசைவோலை இடவேண்டும்; ஓலையிட வராத குடும்பம் இசையாத குடும்பமாகவே கொள்ளப்படும். நான்கு நாடுகள் முறைப்படி இசைந்தன. ஐந்தாவதாகிய கரம்பையும் இசைந்தது என்று அடியேன் முன்பு எழுதிய ஓலை பொய்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கரம்பையில் ஆயிரத்து இருநூறு குடும்பங்கள். அடியேன் அங்கே சென்றபோது ஊர்களில் கொள்ளைக் காய்ச்சல் பரவியிருந்தது. முந்நூற்று நாற்பது வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்று நாள் மன்றத்தில் ஓலையிடும் குடம் வைத்துக் காத்திருந்தோம். எண்ணியபோது இசைவோலைகள் ஐந்நூற்று நாற்பதே இருந்தன. பாதியை எட்ட இன்னும் அறுபது வேண்டும். பாதியைக் கடக்க அதற்கும் மேல் ஒன்று வேண்டும். ஆகவே வரி மாறாது என்று எழுத எழுத்தாணியை எடுத்தேன்.

அப்போது படைத்தலைவராகிய தண்டநாயகர் விறல்மாறர் அடியேனைத் தனியே அழைத்து, பூட்டிய வீடுகளில் உள்ளோர் மாண்டனர் எனத் தம் வீரர் விசாரித்து வந்ததாகவும், மாண்டவரைக் குடும்பக் கணக்கில் வைத்திருப்பது முறையன்று எனவும் கூறினார். அவ்வீடுகளை நீக்கினால் எஞ்சுபவை எண்ணூற்று அறுபது; ஐந்நூற்று நாற்பது அதில் பாதிக்கு மிக அதிகம். மலைவாயிலில் நாளும் ஆட்கள் வீழ்கின்றனர் என்றும், தாமதத்துக்கு அடியேனே பொறுப்பாவேன் என்றும் அவர் சொன்னார்.

கோமானே, அவர் சொன்னதை அடியேன் நம்பவில்லை. மன்றத்து வாயிலில் நின்றால் மேற்குச் சரிவில் அடுப்புப் புகை பல இடங்களில் எழுவது தெரியும். பூட்டிய வீட்டு மக்கள் அங்கே இருக்கின்றனர் என்பதை அறிந்தே இருந்தேன். ஓர் ஆளை அனுப்பியிருந்தால் அரை நாளில் உண்மை விளங்கியிருக்கும். அனுப்பவில்லை. முந்நூற்று நாற்பது பெயர்களையும் என் கையாலேயே அடித்து, இசைவு நிறைந்தது என்று முத்திரையிட்டேன்.

பத்து நாளுக்குள் கரம்பையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு இரண்டாம் மகன்கள் கொண்டு செல்லப்பட்டனர். சரிவில் குடியிருந்த இளைஞரும் அதில் அடங்குவர். ஓலை கேட்பதற்கு வழி தெரியாத சரிவுக்கு, ஆள் பிடிக்கத் தண்டநாயகரின் வீரர் வழி கண்டனர். புரட்டாசியில் குறும்பொறை வாயிலில் நடந்த போரில் அவர்களில் நாற்பத்தேழு பேர் மாண்டனர்.

காய்ச்சல் தணிந்து, இத்திங்கள் முதல் வாரத்தில் சரிவிலிருந்து குடும்பங்கள் இறங்கி வந்தன. பூட்டிய வீடுகளில் முற்றாக அழிந்தவை முப்பத்தொன்றே. ஏனைய முந்நூற்று ஒன்பதும் ஊர் மருத்துவரின் சொல் கேட்டு விலகியிருந்தவை. விதைநெல் கணக்கும் நிலக் கணக்கும் சரிபார்க்க மன்றத்துக்கு வந்தவர்கள், தங்கள் பெயர்கள் அடிக்கப்பட்டிருப்பதைக் கண்டனர்.

அவர்களுள் சேந்தி என்பவள் பரிசல் ஓட்டியின் மனைவி. அவளுடைய மூத்த மகன் கொடுமன் இரண்டு ஆண்டுகளாகப் படையில் இருக்கிறான். இளையவன் தித்தன் குறும்பொறையில் மாண்டான். அழுதுகொண்டு வருவாள் என எண்ணினேன். அவள் அழவில்லை. அடிக்கப்பட்ட தன் பெயரை ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்து கேட்டபின், "வீடுதான்யா பூட்டிக் கெடந்துச்சு. நாங்க செத்துப் போகலயே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாள்.

கேட்டிருந்தால் இசைந்திருப்பாயா என்று, கேட்கத் தகாத ஒன்றைக் கேட்டுவிட்டேன். அதற்கு அவள், "தெரியலயே. அத யோசிக்கிறதுக்குத்தான ஓலையக் குடுப்பாங்க" என்றாள். பின்பு எனக்கு எத்தனை ஆண்மக்கள் என வினவினாள். ஒருவனே என்றேன்.

வந்தவரை மட்டும் எண்ணும் முறை போதும் என்றும், வராதாரையும் எண்ணும் விதி போர்க்காலத்துக்குப் பொருந்தாது என்றும் தண்டநாயகர் தங்களிடம் விண்ணப்பிக்கவிருப்பதாக அறிகிறேன். அவ்விதியும் கல்லில் உள்ள ஒரு வரியே. அதை மாற்ற வேண்டின், வீடுதோறும் சென்று, அவ்விதியின்படியே குடிகளைக் கேட்டு மாற்றுக. எளியோர் வர இயலாத நாள் பார்த்து அவர்களது வாழ்வை மாற்றுவதை அந்த ஒரு வரியே தடுத்திருந்தது. அதை அடியேன் கடந்தேன்.

மாண்ட நாற்பத்தேழு பேரின் பெயர்களும், பாசறையில் உயிருடன் உள்ள நூற்று அறுபத்தைந்து பேரின் பெயர்களும் தனி ஓலையில் இணைக்கப்பட்டுள்ளன. உயிருள்ளோரை இவ்வோலை கிடைத்த அன்றே விடுவித்தருள வேண்டும். அடியேனுக்கு மன்னிப்பு வேண்டி ஒரு சொல்லும் இதில் எழுதவில்லை. காவலரை அனுப்பும் வரை மன்றத்திலேயே இருப்பேன்; ஊரார் வந்து கேட்பதற்கு விடை சொல்வேன்.

சாசனக் கல்லில் புது வரியைப் பொறிக்கும் சிற்பி உளியைக் கீழே வைக்கவும், கரம்பை நாட்டுக் கணக்கர் அடிக்கப்பட்ட முந்நூற்று ஒன்பது பெயர்களையும் மீண்டும் எழுதவும், இதைக் கேட்டவர் கேளாதவருக்கு அறிவிக்கவும் ஓலை நாயகத்தின் கடைசி ஆணை.

ஐப்பசித் திங்கள் பதினெட்டாம் நாள், குடிகள் கூடியிருக்க, அவர்கள் முன் முத்திரையிட்டேன். முத்திரை மோதிரம் இவ்வோலையுடன் கட்டி அனுப்பப்படுகிறது. இதற்குமேல் ஆணையிட எயினனுக்கு உரிமை இல்லை.