பேய் குடியில்லாத கேரவன்

அன்புள்ள அம்மாவுக்கு, டப்ளினிலிருந்து உன் நோனி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அப்பாவும் சுகமா? உன் மூட்டுவலி குறைந்ததா? எனக்குக் காய்ச்சல் ஏதுமில்லை. வாய்தான் குறையவில்லை என்று நான் வேலை பார்க்கும் நாடோடிகள் நலக்குழுவில் எல்லாரும் சொல்கிறார்கள்.

பதறாமல் படி. இங்கே நம் நாடோடி ஜனங்களின் முகாமில் மைலி மாமாவுக்குக் கொரோனா. வீடென்று இருக்கும் ஒரே கேரவன் வண்டியில் ஏழு பேர். கைக்குழந்தைக்கு ஏற்கெனவே இழுப்பு. அவரைத் தனியே வைக்க நலக்குழு ஒரு பழைய கேரவனை வாங்கி வந்தது. மாமா அதன் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

"இதுல எவன் செத்தானோ! செத்தவங்க வண்டிய நாம எரிச்சிடுவோம், வெளியாளுங்க வித்துடுவாங்க."

விற்றவரிடமே போனில் விசாரித்தேன். யாரும் சாகவில்லையாம், கோடையில் கடற்கரைக்குப் போன வண்டியாம். மாமா நம்பவில்லை. அன்றிரவே நான் அதில் படுத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் முகாமே தள்ளி நின்று பார்க்கிறது.

"ஏய் நோனி, பேய் வந்துச்சாடி?"

"வந்துச்சு மாமா! என் பாட்டைக் கேட்டுட்டு, மைலி இருமலே தேவலைன்னு உங்க வண்டிக்கு ஓடிடுச்சு!"

மாமா இருமலும் சிரிப்புமாகத் தலையணையைத் தூக்கிக்கொண்டு நான் படுத்திருந்த கேரவனுக்குள் போனார். இப்போது குணமாகி வெளியே வந்துவிட்டார். குழந்தைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பக்கத்து முகாமிலும் நோயாளியைத் தனியே வைக்க வண்டி கொடுத்தால், "நோனி தூங்கின வண்டிதான் வேணும்" என்கிறார்களாம்.

என் நீலப் போர்வையை அனுப்பு. துவைக்காமலே அனுப்பு, நம் வீட்டு வாசனை இருக்கட்டும். என்னை அங்கே தூங்கக் கூட்டிப்போக வந்த வண்டி வெளியே ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். தூங்குமூஞ்சி என்று திட்டுவாயே, உன் மகள் தூங்கியே ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டாள் அம்மா!

நோனி